3 மாசக் கொழந்தைக்கு கொரவளைக்குள்ள ரத்தக்குழாய் கட்டி, பிபி மாத்திரை குடுக்கச் சொல்றாங்க, குடுக்கலாமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு அம்மிணி கேட்டிருக்கறது இதுதானுங்க. பொண்ணு கொழந்தை, மூணு மாசம் ஆகுது, பொறந்தப்ப ஒரு கொறையும் இல்ல. ஒன்றரை மாசத்துல இருந்து மூச்ச இழுக்கறப்பயும் விடறப்பயும் கர்ர்ருனு ஒரு சத்தம், சளின்னு சொல்லி மூணு தடவ நெபுலைசர் வெச்சாங்க, ஸ்டீராய்டு குடுத்தா நாலு நாள் நல்லாருக்குது மறுபடி வந்துருது. கீழ் உதட்டுலயும் தாடையிலயும் செவப்பா மச்சம் வேற. இப்ப கோயமுத்தூர்ல கேமரா விட்டுப் பாத்துட்டு கொரவளைக்கு கீழ ரத்தக்குழாய் கட்டி இருக்குது, புரோப்ரனலால் ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. மருந்துக்கடைல கேட்டா அது பெரியவங்களுக்கு குடுக்கற பிபி மாத்திரைங்கறாங்க, வீட்டுல மாமியாருல இருந்து எல்லாரும் வேண்டாங்கறாங்க, கேன்சரா இருக்குமோன்னு ஒரு பயம், கழுத்துல ஓட்டை போடுவாங்களோன்னு இன்னொரு பயம்.

நான் டாக்டர் இல்லீங்க அம்மிணி, கொழந்தைங்க ஐசியூல 20 வருசத்துக்கு மேல நர்ஸா இருந்தவ. இந்தக் கட்டியோட வந்த கொழந்தைகள மருந்து வர்றதுக்கு முன்னாடியும் பாத்திருக்கேன், வந்த பொறகும் பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். மொதல்ல பதிலச் சொல்லிப்போடறேன். குடுங்க. அது பிபி மாத்திரைதான், உங்க கொழந்தைக்கு அதுதான் இன்னைக்கு இருக்கறதுலயே நல்ல மருந்து. கேன்சர் இல்ல. ஆனா அந்த மருந்த வெறும் வயித்துல குடுக்கறதுக்கு மட்டும் நெம்ப பயப்படோணும், மத்ததுக்கெல்லாம் வெசனப்படாதீங்க. அந்த ஒரு பயத்த உங்க வீட்டுல எல்லார் மனசுலயும் ஏத்தி வெச்சுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

இந்தக் கட்டிக்குப் பேரு ஹீமாஞ்சியோமா. கொழந்தைகளுக்கு வர்ற சாதாக் கட்டிகள்ல இதுதான் அதிகம், 100 கொழந்தைல 4, 5 பேருக்கு உடம்புல எங்கியாச்சும் வரும். ஆம்பளக் கொழந்தைகள விட பொண்ணுகளுக்கு ஜாஸ்தி, கொறை மாசத்துல எடை கம்மியா பொறந்தவங்களுக்கும் ஜாஸ்தி. பொறக்கறப்ப இருக்காது, இல்லாட்டி ஒரு வெளுத்த தடம் மாதிரி இருக்கும், மொதல் மாசத்துல இருந்து கிடுகிடுன்னு வளரும், அஞ்சு மாசத்துக்குள்ள வளர வேண்டியதுல பெரும்பகுதி வளந்துரும். ஒரு வயசுவாக்குல நின்னுரும், அப்பறம் வருசக்கணக்குல தானா சுருங்கிட்டே போகும். முதுகுலயோ கையிலயோ வந்தா முக்காவாசிப் பேருக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம், அப்பிடியே விட்டுரலாம். ஆனா உங்க கொழந்தைக்கு இருக்கற எடம் அப்பிடி விடற எடமில்ல.

ஏன்னா, குரல் நாண் இருக்குதுங்களா, அதுக்கு நேர் கீழ கிரிகாய்டுன்னு ஒரு குருத்தெலும்பு, மோதிரம் மாதிரி முழு வட்டமா சுத்தியிருக்கும். கொழந்தைகளுக்கு மூச்சுக்குழல்லயே குறுகலான எடம் அதுதான், கைக்கொழந்தைக்கு உள் அளவு 4, 5 மில்லிமீட்டர்தான். தோட்டத்துல சொட்டுநீர் போடறப்ப மெயின் பைப்புல இருந்து செடிக்கு ஒரு சின்ன டியூப் போகுதில்லீங்களா, கிட்டத்தட்ட அந்த மாதிரின்னு வெச்சுக்கங்க. நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு அதுக்குள்ள ஒரு படிவம் ஏறுனாப் போதும், தண்ணி சொட்டறதே நின்னுருது. இங்கயும் அதே கதைதானுங்க, 4 மில்லிமீட்டர் குழாய்ல சுத்தியும் 1 மில்லிமீட்டர் வீங்குனா ஓட்டை 2 மில்லிமீட்டர் ஆயிரும், காத்து போறதுக்கு 16 மடங்கு சிரமம். அந்த மோதிரம் வெளிய விரிஞ்சும் குடுக்காது, அதனால கட்டி வளந்தா உள்பக்கமாத்தான் அடைக்கும். வேலிக்குள்ள கட்டுன ஆடு பெருத்தா வேலியா நகரும், நகராதில்லீங்களா, அது மாதிரிதான்.

உங்கள மாதிரி மூணு தடவ, நாலு தடவ நெபுலைசர் வெச்சு அனுப்பிச்ச கொழந்தைகதான் நெறைய வரும், அதுக்கு அந்த டாக்டர்களத் திட்டவும் முடியாதுங்க, ஏன்னா இது அச்சு அசலா குரூப்புன்னு சொல்ற தொண்டைச் சளி வீக்கம் மாதிரியேதான் இருக்கும். நாய் கொலைக்கற மாதிரி இருமல், கர்ர் சத்தம். ஸ்டீராய்டு குடுத்தா அந்த சளி வீக்கமும் எறங்கும், இந்தக் கட்டியும் கொஞ்சம் சுருங்கும், அப்ப பாக்கறவங்க சளிதான் சரியாப் போச்சுன்னு நெனைச்சுருவாங்க, மருந்து தீந்ததும் மறுபடி வரும். ஆறு மாசத்துக்குள்ள இருக்கற கொழந்தைக்கு குரூப்பு திரும்பத் திரும்ப வருதுன்னா அது வெறும் சளி இல்ல, உள்ள பாக்கோணும். இத எங்கூட வேலை பாத்த சின்னப் பொண்ணுக எல்லார்த்துகிட்டயும் நான் சொல்லிட்டே இருப்பேன். இன்னொண்ணு சத்தம் எப்ப வருதுன்னு பாக்கறது. மூச்ச உள்ள இழுக்கறப்ப மட்டும் வந்தா பெரும்பாலும் கொரவளை தொளதொளன்னு இருக்கற லாரிங்கோமலேசியா, அது பொறந்த ஒண்ணு ரெண்டு வாரத்துலயே ஆரம்பிக்கும், மல்லாக்கப் போட்டா ஜாஸ்தியாகும், ஒன்றரை வயசுக்குள்ள பெரும்பாலும் தானா சரியாயிரும். உங்களுது உள்ள இழுக்கறப்பயும் வருது வெளிய விடறப்பயும் வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது குரல் நாணுக்கு கீழ அடைப்பு இருக்கறதோட அடையாளம். அழுகைச் சத்தம் நல்லா கணீர்னு இருக்கும், அதுவும் இதுக்குப் பொருந்தும், நாண்ல ஒண்ணும் இல்லாததால.

அந்த ஒதட்டு மச்சம். கிரகணத்துல வெளிய வந்ததால வந்துச்சுன்னு உங்க அப்பத்தா சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. இல்லீங்க. அது தோல்ல இருக்கற இதே கட்டி. ஆம்பளைகளுக்கு தாடி மொளைக்கற எடம் இருக்குதில்லீங்களா, கீழ் உதடு, தாடை, காதுக்கு முன்னால, கழுத்து, அந்த எடத்துல செவப்பு மச்சம் வந்து பெருகுதுன்னா உள்ள கொரவளையிலயும் இருக்கலாம்னு சந்தேகப்படோணும். தாடி எடம் பூராவும் பரவியிருந்தா பாதிக்கும் மேல பேருக்கு உள்ளயும் இருந்திருக்குது. ஆனா வெளிய ஒண்ணும் இல்லைங்கறதுக்காக உள்ள இல்லைன்னு சொல்லிர முடியாது, கொரவளைல கட்டி இருக்கற கொழந்தைகள்ல பாதிப் பேருக்குத்தான் தோல்ல இருக்கும்.

கேமரா விட்டுப் பாக்கறப்ப மயக்கம் குடுத்து, ஆனா கொழந்தை தானே மூச்சு விடற மாதிரி வெச்சுத்தான் பாப்பாங்க. உள்ள ஒரு பக்கமா, பெரும்பாலும் எடது பக்கம் பின்னால, வழவழன்னு செவப்பும் நீலமுமா ஒரு உப்பல் தெரியும், தொட்டா அமுங்கும். பழக்கப்பட்ட கண்ணுக்கு அது போதும், சதை எடுத்து டெஸ்ட்டு பண்றது பெரும்பாலும் தேவைப்படாது, ரத்தக்குழாய் கட்டில போயி கிள்ளி எடுத்தா ரத்தம் கொட்டும். அதனால உங்க டாக்டர் பயாப்சி எடுக்கலையேன்னு சந்தேகப்படாதீங்க.

இப்ப பிபி மாத்திரை விசயத்துக்கு வர்றேன். புரோப்ரனலால் 1960கள்ல இருந்து இருக்கற மருந்துங்க, கண்டுபுடிச்ச ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல நோபல் பரிசு குடுத்தாங்க, நெஞ்சு வலிக்கும் பிபிக்கும்தான் கண்டுபுடிச்சது. பிரான்ஸ் நாட்டுல போர்டோங்கற ஊர்ல கிறிஸ்டின் லெயோத்தே லாப்ரேஸ்னு ஒரு தோல் டாக்டரம்மா, மூக்குல இந்தக் கட்டி இருந்த ஒரு கொழந்தைக்கு ஸ்டீராய்டு குடுத்திட்டிருந்தாங்க, அதுல கொழந்தைக்கு இருதயத் தசை தடிச்சுப் போச்சு, அதுக்காக புரோப்ரனலால் ஆரம்பிச்சாங்க. அடுத்த நாளே பாத்தா மூக்குல இருந்த கட்டி நெறம் மாறி மெத்துனு ஆயிருக்குது. அப்பறம் இன்னும் சில கொழந்தைகளுக்கு குடுத்துப் பாத்து 2008ல எழுதுனாங்க, அடுத்த வருசமே கொரவளைக் கட்டிக்கும் கேக்குதுன்னு செய்தி வந்துருச்சு. 2015ல 460 கொழந்தைகள வெச்சு செஞ்ச சோதனை வெளிவந்துச்சு, ஒரு நாளைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வீதம் ஆறு மாசம் குடுத்தவங்கள்ல 60 சதவீதத்துக்கு கட்டி முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ போயிருச்சு, மருந்தே கலக்காம, பாக்கறதுக்கு மட்டும் மருந்து மாதிரி ஒண்ணக் குடுத்தவங்கள்ல 4 சதவீதந்தான். இதுல ஒண்ணு நேர்மையாச் சொல்லோணும், உசுருக்கு ஆபத்தா இருக்கற கட்டிகள அந்த சோதனைல சேக்கல, கொரவளை அடைச்சிருக்கற கொழந்தைக்கு மருந்தே இல்லாத ஒண்ணக் குடுத்து வேடிக்கை பாக்க யாருக்கு மனசு வரும். கொரவளைக் கட்டிக்கு நமக்கு இருக்கற நம்பிக்கை ஊரூரா குடுத்துப் பாத்த கொழந்தைககிட்ட இருந்து வந்தது, எங்க வார்டுல நானே பாத்ததும் அதுதான்: மருந்து ஆரம்பிச்ச ரெண்டாம் நாள், மூணாம் நாள் சத்தம் கொறைய ஆரம்பிச்சுரும். ராத்திரி டூட்டி மாத்தறப்ப கதவத் தொறந்தாலே கேக்கற சத்தம், அடுத்த ராத்திரி பக்கத்துல போயி குனிஞ்சாத்தான் கேக்கும்.

அதுக்கு முன்னாடி எப்பிடின்னா, நான் வேலைக்குச் சேந்த புதுசுல இந்த மாதிரி ஒரு கொழந்தை, தாராபுரம் பக்கத்து ஆளுக. மாசக்கணக்குல ஸ்டீராய்டு, கன்னம் உப்பிப் போயி நிலா மாதிரி மூஞ்சி, அப்பிடியும் அடைப்பு ஜாஸ்தியானதுல கழுத்துல ஓட்டை போட்டு டியூப் வெச்சாங்க. கட்டி சுருங்கற வரைக்கும் ரெண்டு வருசம் அந்த டியூப்போட. கொழந்தை அழுதா சத்தமே வராது, வாய் மட்டும் தொறந்திருக்கும், கண்ணுல தண்ணி வழியும், அந்த அம்மா ராத்திரி தூங்காம உக்காந்து பாத்துட்டே இருக்கும், சத்தம் வராததால முழிச்சிருந்தாத்தான் கொழந்தை அழுகறது தெரியும். சளி அடைச்சா உறிஞ்சி எடுக்கோணும், அதுக்கு மெஷின், கரண்டு போனா கால்ல மிதிக்கற பம்பு. லேசர் வெச்சு எரிச்ச கொழந்தைகளும் உண்டு, சிலருக்கு அந்த எடமே தழும்பாகி இறுகிப் போயி அதுக்கு மறுபடி ஆபரேசன். இதெல்லாம் பாத்த எனக்கு ஒரு மாத்திரையக் கரைச்சுக் குடுத்து இது எறங்குதுங்கறது இன்னைக்கும் பெரிய விசயமாத்தான் இருக்குதுங்க. அதனாலதான் பிபி மாத்திரைன்னு சொல்லி வேண்டாங்கறாங்கன்னு கேட்டதும் மனசு பதறிப்போச்சு.

ஆரம்பிக்கறப்ப ஆஸ்பத்திரில படுக்க வெச்சுத்தான் ஆரம்பிப்பாங்க, கொரவளைக் கட்டின்னா கண்டிப்பா. ஈசிஜி, சில பேருக்கு எக்கோ, சர்க்கரை, பிரசர் பாப்பாங்க. மூஞ்சில மச்சம் பெரிசா பட்டையா இருந்தா தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுவாங்க, வீண் செலவுன்னு நெனைக்காதீங்க, பேஸ்னு ஒரு கூட்டு நோய் இருக்குது, அதுல மூளைக்குப் போற ரத்தக்குழாயும் குறுகலா இருக்கலாம், அப்ப இந்த மருந்த நெம்ப மெதுவா, கவனமாத்தான் ஏத்தோணும். உடம்புல அஞ்சு மச்சமோ அதுக்கு மேலயோ இருந்தா ஈரலையும் ஒரு ஸ்கேன் பாத்துக்குவாங்க. மருந்து ஒரு நாளைக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 2, 3 வரைக்கும் ஏத்துவாங்க, ஏத்தறப்பெல்லாம் மொதல் ரெண்டு மணி நேரம் நாடியும் பிரசரும் பாப்பாங்க.

வீட்டுக்கு வந்தப்பறந்தான் உங்க வேலை. இத நிறுத்தி நிதானமா படிங்க, வீட்டுல யாரு யாரு கொழந்தையத் தூக்கறாங்களோ அவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுங்க.

நம்ம பக்கம் பெரும்பாலும் 10 மில்லிகிராம் மாத்திரையத் தண்ணில கரைச்சுத்தான் குடுக்கச் சொல்லுவாங்க. 10 மில்லிகிராம் மாத்திரை ஒண்ண சரியா 10 மில்லி காய்ச்சி ஆறுன தண்ணில கரைச்சா ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம். உங்க பாப்பா 6 கிலோன்னு வெச்சுக்கங்க, கிலோவுக்கு 2ன்னா ஒரு நாளைக்கு 12, மூணா பிரிச்சா ஒரு வேளைக்கு 4 மில்லி. இது கணக்கு புரியறதுக்காகச் சொன்னது, உங்க சீட்டுல டாக்டர் எழுதியிருக்கறதுதான் உங்க அளவு. இதே மாத்திரை 40 மில்லிகிராம்லயும் வருது, பேரு ஒண்ணுதான், அட்டையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒரு தடவ கடைக்காரப் பையன் 10 இல்லைன்னு 40 எடுத்துக் குடுத்து, அந்த அப்பா வழக்கம் போல 10 மில்லில கரைச்சு, நல்ல வேளை, நாலு மடங்கு மருந்து உள்ள போகறதுக்கு முன்னாடி கொழந்தையோட அம்மா அட்டையத் திருப்பிப் பாத்துச்சு. ஒவ்வொரு தடவ வாங்கறப்பயும் அட்டையோட பின்பக்கம் 10ன்னு இருக்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. ஊசி இல்லாத சிரிஞ்சுல உறிஞ்சுங்க, சங்குலயோ ஸ்பூன்லயோ அளக்காதீங்க. சிரிஞ்சுல உங்க அளவு வர்ற கோட்டுல ஒரு ப்ளாஸ்திரி துண்ட ஒட்டிருங்க, தூக்கக் கலக்கத்துல கோடு தெரியாது, ப்ளாஸ்திரி தெரியும். அளவ டாக்டர் மாத்துனா ப்ளாஸ்திரியையும் அன்னைக்கே மாத்திரோணும். மாத்திரையோட மாவு அடில தங்கும், உறிஞ்சறதுக்கு முன்னாடி கலக்கிக்கோணும், மீதிய கீழ ஊத்திரோணும், அடுத்த வேளைக்கு எடுத்து வெக்காதீங்க. தேன்ல கொழப்பிக் குடுக்கலாமான்னு கேப்பாங்க, ஒரு வயசு வரைக்கும் தேனே ஆகாது.

பால் குடிச்சுட்டிருக்கறப்பயோ குடிச்சு முடிச்ச ஒடனேயோ குடுக்கோணும். இதுதான் சட்டம். இந்த மருந்து ஒடம்புல சர்க்கரை எறங்குனா அத ஈடு கட்டற வழிய அடைச்சுரும், கைக்கொழந்தைக்கு ஈரல்ல இருக்கற சேமிப்பே கம்மி, அதனால வயிறு காலியா இருக்கறப்ப மருந்து போனா சர்க்கரை சடார்னு எறங்கும். இருதயம் வேகமா அடிக்கறதயும் இந்த மருந்து மறைச்சுரும், அதனால நமக்கு முன்கூட்டியே தெரியாது. பவானி பக்கம் ஒரு கொழந்தை, மருந்து ஆரம்பிச்சு மாசம் ரெண்டு ஆச்சு, எல்லாம் நல்லாப் போயிட்டிருக்குது, அன்னைக்கு ராத்திரி பூரா வாந்தி பேதி, பால் தங்கல. அம்மா அசந்து தூங்கிருச்சு, வெள்ளெனே அம்மாயி எந்திரிச்சு மருந்து நேரமாச்சேன்னு கரைச்சு ஊத்திருச்சு. பாசத்துல செஞ்சதுதான். ஏழு மணிக்கு எங்ககிட்ட வந்தப்ப கொழந்தை துவண்ட துணி மாதிரி கெடந்துச்சு, நெத்தி ஜில்லுனு, கழுத்து மடிப்புல வேர்வை முத்து முத்தா, குதிகால்ல குத்தி எடுத்த ரத்தத்துல சர்க்கரை வெறும் 28, அது நெம்ப நெம்ப கம்மி. குளுக்கோஸ் ஏத்தி கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்துருச்சுங்க, தெய்வாதீனமா ஒண்ணும் ஆகல. அந்த அம்மாயி வராண்டாவுல தலைல அடிச்சுட்டு அழுதது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அவங்க மேல தப்பில்ல, பால் குடிக்கலைன்னா மருந்தும் இல்லைன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, நாங்க டிஸ்சார்ஜ் பண்றப்ப அம்மாகிட்ட மட்டும் சொல்லி அனுப்பிச்சிருந்தோம். அதுக்கப்பறம் நான் வீட்டுல இருக்கற பெரியவங்கள கூட்டிட்டு வந்தாத்தான் டிஸ்சார்ஜ் பேப்பரையே கையில குடுப்பேன்.

அதனால பால் சரியா குடிக்கல, வாந்தி, பேதி, காய்ச்சல்ல சொணங்கிக் கெடக்குதுன்னா அந்த வேளை மருந்த விட்டுருங்க. ஒரு வேளை விட்டா கட்டி ஒண்ணும் வளந்துராது. ஒரு நாள் பூரா விட வேண்டி வந்தா டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டுக்கங்க. குடுத்தமா இல்லையான்னு சந்தேகம் வந்தா மறுபடி குடுக்காதீங்க, குடுத்த ஒடனே கக்கிட்டாலும் மறுபடி குடுக்காதீங்க, விட்ட வேளைக்கும் சேத்து டபுளா குடுக்கவே கூடாது. காலண்டர்ல ஒரு டிக் போட்டு வெச்சுட்டா இந்த சந்தேகமே வராது. மூணு மாசக் கொழந்தை ராத்திரில தூங்குதேன்னு விட்டுராம நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுப்பி பால் குடுங்க, பெரிசானப்பறம் எவ்வளவு நேரம் விடலாம்னு டாக்டர் சொல்லுவாங்க. வேர்வை, நடுக்கம், எழுப்புனா எந்திரிக்காம சொணக்கம், ஜில்லுனு இருக்கறது, இதுல எது இருந்தாலும் கொழந்தை முழிப்பா இருந்தா பாலாவது குடுங்க, சர்க்கரைத் தண்ணியாவது சொட்டு சொட்டா கன்னத்துக்குள்ள விடுங்க, விட்டுட்டே கெளம்புங்க. முழிப்பில்லைன்னா வாயில ஒண்ணும் ஊத்தாம 108க்கு போன் போடுங்க. கை கால் கொஞ்சம் ஜில்லுனு இருக்கறதும் தூக்கம் கொஞ்சம் மாறறதும் இந்த மருந்துக்கு சகஜம், கொழந்தை சுறுசுறுப்பா பால் குடிச்சுட்டு இருந்தா அதுக்கு பயப்பட வேண்டாம்.

இன்னொரு விசயம், நெஞ்சுச் சளி வந்து வீசிங் ஆச்சுன்னா இந்த மருந்து அத ஜாஸ்தி பண்ணும், நெபுலைசர்ல வெக்கற சால்புடமால்ங்கற மூச்சுக்குழாய் விரிக்கற மருந்தையும் சரியா வேலை செய்ய விடாது. அதனால எந்த ஊரு டாக்டர்கிட்டப் போனாலும், அது சாதாக் காய்ச்சலுக்கே இருந்தாலும், வாயத் தொறந்து மொதல்ல சொல்ல வேண்டியது என்ற கொழந்தை புரோப்ரனலால்ல இருக்குதுங்கறது. தடுப்பூசி கார்டோட மொதல் பக்கத்துல செவப்பு பேனால எழுதி வெச்சுருங்க. தடுப்பூசி எல்லாம் வழக்கம் போல போடலாம், அன்னைக்கு காய்ச்சல் வந்து பால் குடிக்கலைன்னா மட்டும் மேல சொன்ன சட்டந்தான்.

நம்ம ஊர்ல கொழந்தைக்கு மூச்சு சத்தம்னா செய்யற சில வேலை இருக்குது, அதப் பத்தியும் சொல்லோணும். மந்திரிச்சு கயிறு கட்டறது, திருநீறு போடறது, அதுல ஒரு கெடுதலும் இல்ல, பெரியவங்க மனசுக்கு ஆறுதல்னா செய்யட்டும். ஆனா தொக்கம் எடுக்கறேன்னு தூக்கிட்டுப் போறது, உரம் விழுந்துருச்சுன்னு சீலைல போட்டு உருட்டறது, தொண்டைல வெரல விட்டு சளிய வழிக்கறது, மூக்குல எண்ணெய் விடறது, இதுல ஒண்ணு கூட வேண்டாம். அமுக்குனா ரத்தம் வர்ற கட்டி உள்ள இருக்குது, வெரலு போயி வீங்குனா 2 மில்லிமீட்டர் ஓட்டையும் அடைச்சுரும். எண்ணெய் நுரையீரலுக்குப் போனா அது தனி நோய். உங்க மாமியாருக்கு இத எதிர்த்துப் பேசற மாதிரி சொல்லாம, உள்ள கட்டி இருக்குது அமுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு சொல்லுங்க, கேட்டுக்குவாங்க.

கொரவளைல இருக்கற எல்லாக் கட்டிக்கும் இந்த மாத்திரைன்னு நெனைச்சுக்காதீங்க, இத ஏன் சொல்றேன்னா உங்ககிட்டக் கேட்டுட்டு பக்கத்து வீட்டுல ஒருத்தர் அவங்க கொழந்தைக்கும் கேப்பாங்க. கொறை மாசத்துல பொறந்து வெண்டிலேட்டர்ல இருந்த கொழந்தைக்கு அதே எடத்துல நீர்க்கட்டி வரும், அத ஸ்கோப் வழியா ஒடைச்சு விடோணும். பாப்பிலோமான்னு மரு மாதிரி ஒண்ணு குரல் நாண்ல வரும், எச்பிவி 6, 11ங்கற வைரசால வர்றது, அதுக்கு குரலே கட்டிப்போயிரும், திரும்பத் திரும்ப வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அதுக்கெல்லாம் புரோப்ரனலால் பிரயோசனப்படாது. கேமரா விட்டுப் பாக்காம சத்தத்த மட்டும் கேட்டு இந்த மருந்து ஆரம்பிக்கறது தப்பு.

கழுத்துல ஓட்டை போடுவாங்களான்னு கேட்டீங்க. இப்பெல்லாம் நெம்ப அபூர்வம். சில கொழந்தைகளுக்கு மருந்து போதுமான அளவுக்குக் கேக்காது, அப்ப ஸ்டீராய்டு சேத்துக் குடுப்பாங்க, இல்ல கட்டிக்குள்ளயே ஊசி போடுவாங்க, லேசர் வெப்பாங்க, தொறந்து எடுக்கற ஆபரேசனும் உண்டு. அதெல்லாம் பின்னால இருக்கற வழிக, மொதல் அடி மாத்திரைதான்.

எத்தன நாளுக்குன்னா, ஆறு மாசத்துக்கு கொறையாது, கொரவளைக் கட்டிக்கு பெரும்பாலும் ஒரு வயசு தாண்டி கொஞ்ச மாசம் வரைக்கும் போகும். சத்தம் நின்னுருச்சுன்னு நீங்களா நிறுத்திராதீங்க, வளர்ற வயசுல நிறுத்துனா மறுபடி பொங்கிட்டு வரும், அப்பிடி வந்தவங்கள நாங்க ஐசியூல பாத்திருக்கோம். எடை ஏற ஏற அளவும் ஏத்தோணும், இல்லாட்டி அதே 4 மில்லி எட்டாவது மாசத்துல பத்தாமப் போயிரும், அதனால எடை பாக்கற தேதிய விடாதீங்க. குலதெய்வம் கோயிலுக்கு மொட்டை அடிக்கப் போறது, காது குத்து, எல்லாம் பண்ணுங்க, ஆனா அன்னைக்குத்தான் பால் நேரம் தவறும், வெயில்ல அழுது அழுது தூங்கிப்போயிரும், வண்டில மருந்து நேரம் வந்துரும். அப்ப பால் குடிக்க வெச்சுட்டுத்தான் மருந்து, முடியலைன்னா அந்த வேளை இல்ல. ஒரம்பரை வந்து ஆளாளுக்கு கொஞ்சறப்ப சளி இருக்கறவங்ககிட்டக் குடுக்காதீங்க, இந்தக் கொழந்தைக்கு சாதாச் சளியே அடைப்ப ஜாஸ்தி பண்ணும்.

தொண்டைக்குழியும் விலா எலும்புக்கு நடுவுலயும் உள்ள இழுத்து இழுத்து மூச்சு விட்டா, ஒதடு நீலமானா, மூச்சு வாங்கறதுல பால் குடிக்கவே முடியலைன்னா அந்த நிமிசமே கெளம்போணும். நல்லா சத்தம் போட்டுட்டிருந்த கொழந்தை சத்தம் கொறைஞ்சு, ஆனா முகம் வெளுத்து அசதியா கெடந்தா அது சரியாப் போனதில்ல, மூச்சு இழுக்கவே தெம்பில்லாம போனது. உங்களுக்கு கோபில இருந்து பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கிட்ட, மொதல்ல அங்க போயி ஆக்சிஜன் போட்டுட்டு அவங்க மூலமா கோயமுத்தூர் போகலாம், நேரா கோயமுத்தூர் போயிரலாம்னு கார்ல ஏறாதீங்க. தாளவாடி பக்கம் இருக்கறவங்களுக்கு இதே நோய்னா நான் இன்னும் ஒண்ணு சொல்லுவேன், திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு எறங்கி வரோணும், மருந்து ஆரம்பிச்ச மொதல் ஒரு மாசமாச்சும் சத்தியிலயோ கோபிலயோ சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்கங்க.

கடைசியா நீங்க கேட்டது, பால் குடுக்கற அம்மா என்ன பத்தியம் இருக்கோணும்னு. தயிர் சாப்புட்டதால சளி புடிச்சுதுன்னு உங்கள ஒன்றரை மாசமா ரசஞ்சோத்துலயே வெச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதப் படிச்சப்ப நெம்ப கஷ்டமா இருந்துச்சுங்க. நீங்க சாப்புட்ட எதுனாலயும் இந்தக் கட்டி வரல கண்ணு. இந்தக் கொழந்தைக்கு மருந்தே உங்க பாலோட சேத்துத்தான், நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா பால் வேணும், அதுக்கு உங்களுக்கு தெம்பு வேணும். தயிரு, முட்டை, கறி, கீரை, பழம், எல்லாம் நல்லா சாப்புடுங்க, ராத்திரி ஒரு வேளை பால உங்க வீட்டுக்காரர் எழுப்பி ஞாபகப்படுத்தட்டும், ப்ளாஸ்திரி ஒட்டுன சிரிஞ்ச அவருக்கும் புடிக்கச் சொல்லிக் குடுத்துருங்க.